பதினொரு அலகுக் கத்தியும் பல்கீஸ் தாத்தாவின் மெசினும்

தையல் மெசின் திருத்துகிறவனுக்கு வருடத்தில் இரண்டு பெருநாள் வரும். இரண்டிலும் ஊரெல்லாம் புது உடுப்போடு நிற்கும், அவன் மட்டும் இடுப்பில் எண்ணெய்ச் சாறனோடு நிற்பான். இது புலம்பல் இல்லை, தொழிலின் இலட்சணம். பதினொரு மாதம் ஒழுங்காக ஓடுகிற மெசின்கூட நோன்பு இருபது கழிந்ததும் எங்கேயாவது சிக்கிக்கொள்ளும்.

வீடு வீடாக ஏறி இறங்கி வேலை செய்தவர்களே, பம்ப் திருத்துகிறவர்களே, றேடியோ திருத்துகிறவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எந்தச் சாமானைக் கடையில் விட்டுவிட்டு வந்தோமோ அதுதான் வேண்டிவரும். எதை முதுகு நோகச் சுமந்து வந்தோமோ அது பெட்டியின் அடியில் சுகமாகக் கிடக்கும். எழுபதுகளின் கடைசியிலிருந்து ஒரு பத்து வருடம், கல்முனையில் ஒரு சின்னக் கடையை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்க அலைந்தவன் நான். எதைக் கொண்டுபோவது, அதை எங்கே வைத்துக் கொண்டுபோவது என்ற இரண்டு கேள்விகளிலேயே என் வாலிபம் போயிற்று. அந்தத் தேடலில் கண்ட மனிதர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். என்னைப் பற்றி இடையில் வருவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்துமூன்று சாமான்

தொழில் தொடங்கிய புதிதில் என்னிடம் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதற்குள் நாற்பத்துமூன்று சாமான். குறடு மட்டும் நாலு வகை. சைக்கிளின் பின்கரியரில் பெட்டியைக் கட்டினால் முன்சில்லு நிலத்தில் நிற்பதா பறப்பதா என்று யோசிக்கும். மாரியில் நாவிதன்வெளிக்குப் போகிற பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். அப்போது சைக்கிளைத் தள்ளுவதா, பெட்டியைத் தலையில் தூக்குவதா, சாறனை உயர்த்திப் பிடிப்பதா என்று எனக்கு மூன்று கை தேவைப்படும்.

அப்படி ஒருநாள் நாவிதன்வெளியில் ஒரு போடியார் வீட்டுக்குப் போனேன். நிறைய வயல் வைத்திருந்தவர், கதை குறைவு. மகளின் கால்மெசின் சுற்றவே மாட்டேன் என்று நின்றது. நான் வாசலில் சாக்கை விரித்து நாற்பத்துமூன்று சாமானையும் வரிசையாகப் பரப்பினேன். அக்கம்பக்கத்து வீட்டாரும் வந்து நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெசினைக் கவிழ்த்துப் பார்த்தால், பல மாதமாக எண்ணெய் காணாமல் இறுகிப்போயிருந்தது. குப்பியிலிருந்து ஆறு சொட்டு விட்டேன், சக்கரம் இலேசாகச் சுற்றியது. பரப்பிய சாமானை எல்லாம் திரும்ப அடுக்கத்தான் நேரம் போயிற்று. அதுவரை கதிரையில் இருந்து பார்த்த போடியார் அப்போது வாயைத் திறந்தார்: “தம்பி, வேல செஞ்சது அந்த எண்ணெய்க் குப்பி. அதைக் கொண்டு வந்தது நீங்க. இந்தப் பெட்டி என்னத்துக்கு வந்தது?”

வாய்

பெட்டியைக் கைவிட்ட பிறகு நான் கண்டுபிடித்த முதல் பாத்திரம் வாய். மெசினைக் கழற்றினால் சின்னச் சின்ன ஸ்குருக்கள் வரும். நிலத்தில் வைத்தால் உருண்டுவிடும், சிரட்டையில் வைத்தால் கோழி தட்டிவிடும். ஆகவே உதடுகளுக்கு நடுவில் வைத்துக்கொள்வேன். ஒரே நேரத்தில் ஏழு ஸ்குரு வரை வைத்திருக்கிறேன். எது எந்த ஓட்டைக்குரியது என்று நாக்குக்கே தெரியும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் ஆண்பிள்ளை இல்லாத நேரத்தில் வெளியாள் வந்தால், மெசினை முன்விறாந்தையில் வைத்துவிட்டு வீட்டுப் பெண் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பார். மாவடிப்பள்ளியில் ஒரு வீட்டில் அப்படித்தான். திரைக்குப் பின்னாலிருந்து “தேத்தண்ணி குடிப்பீங்களா?” என்றார்கள். எனக்கு வாய் நிறைய இரும்பு. “ம்” என்றேன். “சீனி போடவா?” “ம்.” “மெசின் பிழைக்குமா?” “ம்ம்.” வேலை முடிந்து கடைசி ஸ்குருவைப் பூட்டியதும் நான் வாய் திறந்து “முடிஞ்சுது உம்மா” என்றேன். திரைக்குப் பின்னால் கிண்ணம் கீழே விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மா உள்ளே யாரிடமோ சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: “அல்லாஹ்வே, இந்த ஊமைப் புள்ளைக்கு நம்மட வீட்டுத் தேத்தண்ணியில நாக்கு வந்திட்டு!”

பல்கீஸ் தாத்தாவின் பாக்குவெட்டி

எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்போம், அண்ணனைக் காக்கா என்போம். பல்கீஸ் தாத்தா என் கூடப்பிறந்தவர் அல்ல, எங்கள் தெருவில் தைக்கிறவர். கணவர் றசீது காக்கா வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, கதிரையோடு இருந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மூத்தவளின் வீடு அதே வளவுக்குள் சுவர்மட்டம் வரை எழும்பி, கூரை இல்லாமல் நின்றது. அந்தக் கூரை வர வேண்டிய ஒரே வழி, தாத்தா கையால் சுற்றித் தைக்கும் ஒரு பழைய மெசின். அதன் உடம்பில் இருந்த தங்கப்பூவெல்லாம் அழிந்து, கறுப்பு மட்டும் மிச்சம். உள்ளே நூல் கொண்டு போவது படகு வடிவிலான ஓர் ஓடம். அந்த மாதிரி மெசின் வருவது நின்று எத்தனையோ காலம். ஓடத்துக்கு ஓர் உதிரிச் சாமான் கொழும்பிலும் கிடையாது. பழைய இரும்புக்குப் போடச் சொல்லாத ஆள் இல்லை.

நான் முதல்தடவை அதைத் திறந்தபோது திகைத்துவிட்டேன். அத்தனை பழைய மெசினுக்குள் அழுக்கு என்று ஒன்றும் இல்லை. “யார் தாத்தா இதைப் பார்க்கிறது?” என்றேன். தாத்தா வெற்றிலைத் தட்டிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துக் காட்டினார். அதன் ஒரு கைப்பிடி நுனியை அம்மியில் தேய்த்துத் தட்டையாக்கியிருந்தார். அதுதான் ஸ்குரு ட்றைவர். மற்றக் கைப்பிடியின் குமிழ் சுத்தியல். அதன் வாய் நூல் வெட்டும், பொத்தானின் கம்பி வளையத்தை நெரிக்கும், இடையில் பாக்கும் வெட்டும். நான் நாலு குறடு சுமந்தவன். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அந்த உணர்ச்சி வேகத்தில், “நான் உசிரோட இருக்கிற மட்டும் உங்கட மெசின் நிக்காது தாத்தா” என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்காத வாக்கு அது. தாத்தா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்போது நான் மெலிந்து, இருமிக்கொண்டு திரிந்த காலம். “அப்ப ஒண்ட உடம்ப நல்லாப் பாத்துக்க தம்பி” என்றார்.

இரண்டு தலைச் சாவி

என் கடையை ஒட்டினாற்போல் சைக்கிள் திருத்துகிற யோகராசாவின் கடை. கடை என்றால் மேலே நாலு தகரம். அவனிடம் சைக்கிள்காரர் எல்லாரும் வைத்திருக்கும் ஒரு சாவி இருந்தது. இரண்டு பக்கமும் உருண்டைத் தலை, தலைக்கு ஐந்து ஓட்டை. பத்து அளவு நட்டுக்கும் அது ஒன்றே போதும். அதைத் தவிர ஒரு பழைய ஸ்போக் கம்பி. அது பிசின் தடவும், வால்வு குத்தும், முதுகு சொறியும்.

அவன் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். சாவியைத் தேட மாட்டான், கீழே வைக்கவும் மாட்டான். வலது கையில் வேலை இல்லாவிட்டால் அது இடது கைக்குப் போகும். எத்தனையோ நாள் என் வேலையை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நான் அப்போது பெட்டியிலிருந்து துணிப்பைக்கு மாறி, பையிலும் பதினாறு சாமானோடு அலைந்தேன். எதைக் குறைப்பது என்று அவனிடம் ஆலோசனை கேட்டேன். பையை வாங்கி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். “இது போன கிழமை பாவிச்சியா?” “இல்ல.” “இது?” “ஒருதரம்.” இப்படியே போய்க் கடைசியில் வாங்குப் பலகையின் மேல் மூன்று சாமான் மிஞ்சியது. மற்றப் பதின்மூன்றையும் பைக்குள் போட்டு என் கையில் தந்து சொன்னான்: “சலீம், இந்த மூண்டும் ஒண்ட சாமான். இந்தப் பை ஒண்ட பயம்.”

பதினொரு அலகு

அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான், சவூதியிலிருந்து லீவில் வந்தான். ஊரே பார்க்க வந்த பெட்டியைத் திறந்து, எல்லாருக்கும் துணியும் வாசனைத் தைலமும் கொடுத்தான். எனக்கு ஒரு சிவப்புக் கத்தி. உள்ளங்கைக்குள் அடங்கியது. நகத்தால் இழுக்க இழுக்க ஒவ்வொன்றாக வந்தது: பெரிய அலகு, சின்ன அலகு, வாள், அரம், டின் வெட்டி, போத்தல் திறக்கிறது, துளைக்கிற ஊசி, ஸ்குரு ட்றைவர், கத்தரிக்கோல், முள் பிடுங்குகிற சாமணம். பத்து. அன்று இரவு சோறு தின்ன மறந்துபோனேன். உலகத்தில் எங்கோ ஒரு மனிதன் என் கஷ்டத்தை நினைத்துக்கொண்டே இதைச் செய்திருக்கிறான் என்று பட்டது.

பதினோராவது அலகுதான் விளங்கவில்லை. பன்றியின் வால் மாதிரிச் சுருண்ட ஒரு கம்பி. வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். ஆணி பிடுங்க என்றார் ஒருவர். காதுக்குள் விடுவதாக இருக்குமோ என்று என் மாமி பயந்தார். என் மனைவி அதைத் தேங்காய்க் கண்ணில் திருகிப் பார்த்தாள், அழகாக இறங்கித் தண்ணீர் வந்தது. அன்று முதல் அது தேங்காய்க் கம்பி. பல நாள் கழித்து மச்சானைத் தனியாகப் பிடித்து உண்மையைக் கேட்டேன். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அது வெள்ளைக்காரன் சாராயப் போத்தல் தக்கையைப் பிடுங்குகிற கம்பி என்று காதுக்குள் சொன்னான். “அப்ப எங்கட ஊரில இதுக்கு வேல இல்லையே” என்றேன். “மச்சான், நான் இதை வாங்கின ஊரிலயும் இதுக்கு வேல இல்ல” என்றான்.

கிணறு

பையை வீட்டில் மாட்டிவிட்டு, கத்தி ஒன்றோடு வெளிக்கிட்டேன். கை வீசி நடந்தேன். ஆனால் அந்தக் கத்தியைச் செய்த வெள்ளைக்காரன் களுசான் போடுகிறவன், அதில் பை இருக்கும். நான் சாறன் உடுக்கிறவன். மடியில் சொருகினால் சைக்கிளில் ஏறும்போது விழும். சட்டைப் பையில் போட்டால் பாரத்தில் சட்டை ஒருபக்கம் தொங்கி, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எனக்குத் தோள்பட்டை இறங்கியதுபோல் தெரியும்.

ஆலையடிவேம்பில் ஒரு வீட்டில் மெசின் வேலை முடித்து, கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். வாளியை இழுக்கக் குனிந்தேன். சட்டைப் பை காலியானது. கீழே ‘களுக்’ என்று ஒரு சத்தம். நான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வீட்டுக்கார அம்மா என் முகத்தைப் பார்த்து யாரோ ஆள் விழுந்துவிட்டதாக நினைத்து ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து பாதாளக்கரண்டியை வாங்கி வந்து, கொளுக்கியெல்லாம் சேர்ந்த அந்த இரும்பைக் கயிற்றில் கட்டி இறக்கினார். மூன்றாம் தரம் கத்தியின் வளையத்தில் கொளுவிக்கொண்டது. அந்த நிதானமான கையை இன்றைக்கும் மறக்கவில்லை. கத்தியைச் சேலைத் தலைப்பில் துடைத்து, பதினொரு அலகையும் விரித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “ஏன் தம்பி, இவ்வளவு செஞ்ச ஆள், கிணத்துக்குள்ள விழுந்தா எடுக்கிறதுக்கும் ஒண்டு வெச்சிருக்கலாமே?”

வெள்ளிக்கிழமை

கிணற்றுக்குப் பிறகு, எங்கள் வியாபாரிமார் சாறனுக்கு மேல் கட்டும் அகலமான பச்சை வாரை வாங்கிக் கட்டினேன். அதில் காசு வைக்கிற பொக்கற்றுக்குள் கத்தி அளவெடுத்தது போல் இருந்தது. கடைசியில் வைக்க இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கத்தி என் வேலைக்கு எவ்வளவு உதவியது என்று கேட்காதீர்கள். அதன் ஸ்குரு ட்றைவர் மெசினுக்குக் கொஞ்சம் தடிப்பு. வாளால் மெசினில் அறுக்க ஒன்றும் இல்லை.

ஊருக்கு உதவியது. வெள்ளிக்கிழமை காலையில் நகம் வெட்டி, மீசை கத்தரித்து, குளித்து ஜும்ஆத் தொழுகைக்குப் போவது எங்கள் வழக்கம். என் கத்தியின் கத்தரிக்கோல் சின்னது, கூரானது, மேலுதட்டு ஓரத்துக்கென்றே செய்தது போல. ஒருவருக்குக் கொடுத்தேன், அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்னொருவருக்குச் சொன்னார். இரண்டு மாதத்தில் வெள்ளி காலையில் என் கடைவாசலில் பத்துப் பன்னிரண்டு பேர். பள்ளிவாசலின் முன்வரிசை முழுக்க என் கத்தரிக்கோல் பட்ட மீசைதான். இத்தனை மீசைக்கு ஆட்டியதில் கத்தரிக்கோலின் இரண்டு காலையும் பிணைக்கிற கடுகளவு ஸ்குரு இளகிவிடும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் அதை முறுக்கி வைப்பேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த யோகராசா சொன்னான்: “சலீம், மெசின் வேலய விட்டுட்டு ஒரு சலூன் போடு. பதினொரு அலகில ஒண்டுக்குத்தான் ஆள் வருது.”

தொப்பி

நோன்பு இருபத்தெட்டு. பிற்பகல். பல்கீஸ் தாத்தாவின் இளைய மகள் ஓடி வந்தாள், மெசின் நின்றுவிட்டதாம். நான் வாரில் கத்தியோடு போனேன். விறாந்தை முழுக்கத் துணி. முப்பத்திரண்டு பிள்ளைகளின் பெருநாள் உடுப்பு. பாதிக்கு மேல் வெட்டியபடி கிடந்தது. றசீது காக்கா கதிரையில் இருந்து, முடிந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெருநாள் தையல் முடிந்தால் மூத்தவளின் வீட்டுக்கு ஓடு ஏற்றலாம். ஹஜ் மாதத்தில் கல்யாணம் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

ஓடத்தின் தகட்டுக்குள் நூல் சிக்கியிருந்தது. தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்குருவைத் தாத்தாவின் பாக்குவெட்டியால் கழற்றினேன். பழக்கதோஷத்தில் வாய்க்குக் கொண்டு போனேன். “நோன்போட இரும்பச் சப்பாத தம்பி” என்றார் தாத்தா. சரிதானே என்று, கழற்றி வைத்திருந்த என் தொப்பிக்குள் போட்டேன். நூலை எடுத்துவிட்டேன், தகட்டைத் துடைத்துவிட்டேன். அந்த நேரம் அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. பள்ளி நாலு வீடு தள்ளி. “தொழுதிட்டு வந்து பூட்டுறன்” என்று எழும்பி, தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆம், அதே தொப்பியைத்தான்.

முதல் றக்அத்தில் ஒன்றும் நினைவில்லை. இரண்டாவதில் சுஜூதுக்குப் போய் நெற்றி பாயில் பட்டபோதுதான் தொப்பிக்குள் போட்ட ஸ்குரு நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் தொழுத தொழுகையை அல்லாஹ்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன், வெறும் தொப்பி. நான் அழுகிற குரலில் விஷயத்தைச் சொன்னேன். பல்கீஸ் தாத்தாவின் மெசின் என்றதும் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. பாதிப்பேரின் பிள்ளைகளுக்கு அங்கேதான் உடுப்பு. நாற்பது ஆண்கள் முழங்காலிட்டுப் பன்பாயின் கோரை இடுக்கெல்லாம் விரலால் தடவினார்கள். நான் கத்தியின் சாமணத்தால் கிண்டினேன். ஒரு புளியங்கொட்டை வந்தது, ஒரு கராம்பு வந்தது, உடைந்த தஸ்பீஹ் மணி ஒன்று வந்தது. ஸ்குரு வரவில்லை. எங்களோடு சேர்ந்து தேடிய இமாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து சொன்னார்: “நோன்பு இருபத்தியேழாம் இராத் தொழுகையிலகூட இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் நெத்திய நிலத்தில வெச்சிருந்து நான் காணல்ல.”

பத்து

திரும்பிப் போக எனக்கு நாலு வீடுதான், நாற்பது வீடுபோல் நடந்தேன். யாரும் கேட்காத வாக்கைக் கொடுத்தவன், என் கையாலேயே அந்த மெசினைக் கொன்றுவிட்டேன். தாத்தா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு அடுத்த பிள்ளையின் கைத்துண்டை வெட்டத் தொடங்கினார். மூத்த மகள் எழும்பி அறைக்குள் போனாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

யோகராசா தன் பழைய ஸ்குரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் கடையில் இருந்ததையும் கொட்டினோம். எல்லாம் பெரியது. றசீது காக்கா கேட்காமலே தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தந்தார். அதன் ஸ்குரு ஓட்டைக்குள் போய்ச் சும்மா ஆடியது. சுவர் மணிக்கூட்டைத் திறந்தோம், அதிலும் இல்லை. பெரிதுமில்லாமல் சின்னதுமில்லாமல் கடுகளவில் ஒன்று வேண்டும். கடுகளவு என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் என் கை இடுப்பு வாருக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கத்தியில் ஊர் கேட்டு வந்த ஒரே அலகு கத்தரிக்கோல்.

கத்தியை வெளியே எடுத்தேன். கத்தரிக்கோலின் ஸ்குருவைக் கழற்ற வேண்டும். கத்தியிலேயே ஸ்குரு ட்றைவர் இருக்கிறது, ஆனால் அது தன்னைத் தானே கழற்றாது. நான் விழித்துக்கொண்டு நிற்கும்போதே தாத்தா பாக்குவெட்டியை என் பக்கம் நீட்டிவிட்டார். அம்மியில் தேய்த்த அந்த நுனி ஸ்குருவின் வெட்டுக்குள் சரியாக உட்கார்ந்தது. ஸ்குருவைக் கொண்டுபோய் ஓடத்தில் வைத்தேன். புரி சரியாகப் பொருந்தவில்லை. ஒன்றரைச் சுற்று போய் இறுகிக்கொண்டது. மேலே முறுக்க எனக்குப் பயம். தாத்தா பாக்குவெட்டியை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கால் சுற்றுத் திருப்பினார். பிறகு ஓடத்தைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். பழைய துணித்துண்டில் ஒரு முழத் தையல் விழுந்தது. திருப்பிப் பார்த்தார். அடிநூலும் மேல்நூலும் ஒன்றாய் இருந்தன. அறைக்குள் போனவள் கதவோரம் வந்து நின்றாள். றசீது காக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த பொத்தானை எடுத்தார். நோன்பு துறக்கும் வரைக்கும் அந்தச் சக்கரம் நிற்கவில்லை, நானும் போகவில்லை, நூல் கோர்த்துக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

பெருநாள் காலை பள்ளிவாசலில் முப்பத்திரண்டு பிள்ளைகளையும் எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. நான் வழக்கம்போல எண்ணெய்ச் சாறனோடு வீட்டுக்கு வந்தால், தாத்தா ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு எங்கள் வாசலில் நிற்கிறார். என் மனைவி கத்தியை எடுத்து, ஒற்றைக் காலோடு தொங்கிய கத்தரிக்கோலைக் காட்டிக் கவலைப்பட்டாள். தாத்தா அதைக் கையில் வாங்கி, எல்லா அலகையும் விரித்து, தேங்காய்க் கம்பி உட்பட ஒவ்வொன்றாக மடித்து, என் உள்ளங்கையில் வைத்தார். “மிச்சம் பத்தையும் நீ பாவிச்சு நான் ஒருநாளும் காணல்ல தம்பி, அதுகளையும் எண்ட மெசினுக்கெண்டு வெச்சிரு. மத்தது, ஒண்ட உடம்பப் பாத்துக்க.”

ஆகமொத்தம், அந்த ஹஜ் மாதத்துக்கு முன்னமே ஒரு வீட்டுக்கு ஓடு ஏறியது, எங்கள் பள்ளி முன்வரிசை மீசைகள் மட்டும் அன்று தொட்டு ஒரு பக்கம் கோணலாகிவிட்டன, அதற்கு நான் இன்றுவரை எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.